காலியாக இருந்த நாலாவது டம்ளர்

என் மகளுக்கு ‘அழாத பிள்ளை’ என்று பெயர் வாங்கிக் கொடுத்தவள் நான்தான். அந்தப் பெயரை அவள் தலையிலிருந்து இறக்கி வைக்கவும் நான்தான் பாடுபட வேண்டியிருந்தது. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். அவசரப்பட்டால் பிழையாகிவிடும். அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம் இருந்தது. கத்தரி, வெண்டை, ஓரத்தில் கீரைப் பாத்தி. மகளுக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தது. வலது முழங்காலுக்கு மேலே ஒரு வீக்கம் வந்தது. நொண்டியாட்டம் ஆடி விழுந்திருப்பாள் என்று விளக்கெண்ணெய் தடவி நீவினேன். அது எலும்புக்குள் முளைத்த கட்டி என்று தெரிந்தபோது தாமதமாகிவிட்டது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அங்கே நல்லவர்களும் இருந்தார்கள், சிடுசிடுப்பவர்களும் இருந்தார்கள், எல்லா இடத்தையும் போல.

கட்டியைக் கதிரால் கரிக்க மூன்று மாதம் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு நாள், அந்த வார்டுக்குப் புதிதாக வந்திருந்த சின்ன டாக்டரம்மா என்னை ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னது.

“அக்கா, கட்டி நெஞ்சு வரைக்கும் போயிருச்சு. குணமாக்க எங்ககிட்ட மருந்து இல்ல. ஆனா கூட இருந்து பாத்துக்க நிறைய இருக்கு. அதை நான் செய்வேன்.”

நான் அழவில்லை. தலையை ஆட்டிவிட்டு, பிள்ளைக்குக் கஞ்சி ஆறிவிடும் என்று திரும்பி வந்தேன். அப்படித்தான் நான். எங்கள் வீட்டில் யாரும் பிறர் பார்க்க அழுது நான் பார்த்ததில்லை. அதைப் பெரிய சொத்தாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழந்தைகள் வார்டின் கடைசிக் கூடத்தில் பதினான்கு கட்டில்கள். இனி வைத்தியத்தில் தேறாது என்று ஆன பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு தாய்; கட்டிலுக்குக் கீழே ஒரு பாய். அங்கே சேர்ந்த உடனேயே என் மகளுக்குத் தொடையில் தோல் வெடித்துப் புண்ணாகிவிட்டது. தினமும் காலை பத்து மணிக்குக் கட்டு மாற்ற வேண்டும். பச்சைத் திரை போட்ட அறை ஒன்று உண்டு, அதற்குள் தாய்மாரை விட மாட்டார்கள். தள்ளுவண்டியில் பிள்ளைகள் ஒவ்வொன்றாக உள்ளே போகும். போட்ட கட்டைப் பிரிக்கும்போது பிள்ளைகள் போடும் கூச்சல் ரோடு வரைக்கும் கேட்கும். நாங்கள் வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

என் மகள் உள்ளே போனால் சத்தமே வராது.

நர்ஸம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது சொல்வார்: “உன் மக தங்கம். மூச்சு விடல.”

“எங்க வம்சத்துலயே அழுகுற பழக்கம் இல்லங்க” என்பேன். மற்றத் தாய்மாருக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வேன்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பிள்ளை தாங்க முடியாமல் கத்துகிறதோ அதற்கு வலி மருந்து கொடுப்பார்கள். கத்தின பிறகுதான். கத்தாத பிள்ளைக்கு எதற்கு? என் மகளுக்கு ஒரு நாளும் கொடுத்ததில்லை. அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சின்ன டாக்டரம்மாவுக்கு இந்த வழக்கம் பிடிக்கவில்லை. ஆனால் அது ஒரு ஆள் சொல்லி மாறுகிற காரியம் இல்லை. குணமாகாத பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஆராய்ந்து எழுத, மேலே கேட்டுக் கேட்டு ஓர் அனுமதி வாங்கியிருந்தது. ஒரு வருஷத்துக்கு ஒரே ஒரு கேள்வி. எந்தக் கேள்வி என்று சனிக்கிழமைக்குள் பெரிய டாக்டரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற டாக்டர்கள் ஆளுக்கொன்று சொன்னார்களாம். சின்ன டாக்டரம்மாவுக்கு வேறு ஒரு யோசனை தோன்றியது: பிள்ளையோடு கிடக்கிறவர்கள் இவர்கள்தானே, இவர்களைக் கேட்டால் என்ன?

அந்தக் கூடத்தில் எங்களுக்கு மூன்று மாதம் ஆகியிருந்தபோது, புதன்கிழமை மத்தியானம் எங்கள் பதினான்கு பேரையும் கூப்பிட்டது. ஜன்னல் ஓரத்து மேசையில் ஐந்து எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வைத்திருந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு படம் வரைந்து ஒட்டியிருந்தது. முதலாவதில் சோற்றுத் தட்டு. பிள்ளை சாப்பிடாமல் போவது. இரண்டாவதில் வீடு, ஆஸ்பத்திரியிலேயே அடைந்து கிடப்பது. மூன்றாவதில் காய்ச்சல் பார்க்கும் குழாய். நாலாவதில் வாயைத் திறந்து அழும் பிள்ளை, வலி. ஐந்தாவதில் தாய், எங்கள் சோர்வு.

செல்லூரிலிருந்து வந்த தறிக்காரம்மா ஒருத்தி எங்களோடு இருந்தாள். மகளுக்கு ரத்தப் புற்று. வாய் சும்மா இருக்காது அவளுக்கு. நாலாவது படத்தைக் குனிந்து பார்த்தாள்.

“இது என்ன டாக்டரம்மா, ஓணான் கொட்டாவி விடுற மாதிரி இருக்கு?”

“எனக்குப் படம் வராதுக்கா. அது பிள்ளை. வலியில அழுகுது.”

“நல்லவேளை ஊசி போட வந்தீக. படம் போடப் போயிருந்தா பட்டினிதான்.”

டாக்டரம்மாவும் சிரித்தது. சமையற்கட்டில் புளி ஆய்ந்து ஒதுக்கிய கொட்டைகளைக் கழுவிக் கொண்டுவந்து, ஆளுக்கு ஐந்து கொடுத்தது. “உங்க பிள்ளைக்கு எது முக்கியம்னு படுதோ அதுல போடுங்க. ஒண்ணுலயே அஞ்சையும் போடலாம், பிரிச்சும் போடலாம். எதுல அதிகமோ அதைத்தான் வருஷம் பூரா ஆராயப் போறேன். மத்தது இந்த வருஷம் கிடையாது” என்றது.

வரிசையில் போனோம். சோற்றுத் தட்டு டம்ளரில் கொட்டை விழுந்துகொண்டே இருந்தது. அதில் போட்டால் பிள்ளைகளுக்கு முட்டை தருவார்கள் என்று செல்லூர்க்காரி முன்னாலேயே கிளப்பிவிட்டிருந்தாள். என் முறை வந்தது. சோற்றில் இரண்டு போட்டேன், வீட்டில் இரண்டு. ஐந்தாவது கொட்டையை எடுத்துக்கொண்டு நாலாவது டம்ளருக்கு மேலே கையைக் கொண்டுபோனேன். கொண்டுபோன கை அப்படியே காய்ச்சல் டம்ளருக்கு நகர்ந்துவிட்டது.

எல்லோரும் போட்டு முடிந்ததும் டாக்டரம்மா டம்ளர்களைக் கவிழ்த்து எண்ணியது. நாலாவதைக் கவிழ்த்தது. ஒன்றும் விழவில்லை. தட்டிப் பார்த்தது.

“வலியைப் பத்தி யாருக்குமே கவலை இல்லையா?”

பதினான்கு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். டாக்டரம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. நோட்டில் வலிக்கு நேரே சைபர் என்று ஒரு சுழி போட்டது. “சரி, நீங்க சொன்னதுதான். சனிக்கிழமை சாப்பாடுன்னே எழுதிக் குடுத்துருவேன்” என்று டம்ளர்களை அடுக்கி எடுத்துப் போனது.

மறுநாள் வியாழக்கிழமை. கட்டு மாற்றிக் கொண்டுவந்து விட்ட பிறகு மகளுக்குத் தலை வாரினேன். முடி நிறைய உண்டு அவளுக்கு. முன்பக்கம் கிடந்த பின்னலை எடுத்து அவிழ்த்தால், நுனியில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் கையோடு நூல் நூலாக வந்தது. ஈரமாக இருந்தது. போன வாரம்தான் வாங்கிய ரிப்பன். எலி கடித்த மாதிரி இருந்தது. விரித்துப் பார்த்தேன். பல் பதிந்த தடம்.

“ஏத்தா, இது என்ன?”

“ஒண்ணுமில்லம்மா.”

“ரிப்பனை எதுக்குக் கடிச்ச?”

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “கட்டுப் பிரிக்கும்போது கடிச்சுக்குவேன். அப்பத்தான் சத்தம் வராது.”

“சத்தம் வந்தா என்ன?”

“நீதானம்மா எல்லார்ட்டயும் சொல்லியிருக்க, எம்மக அழமாட்டாண்டு.”

சீப்பைக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன். பின்னலை முழுக்கப் பின்னி, ரிப்பன் இல்லாமல் நூல் கயிற்றால் கட்டினேன். அந்த ரிப்பனை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். ரொம்ப வலிக்குமா என்று கேட்கத் தேவையும் இல்லை. மூன்று மாதமாக அவள் வாயைப் பொத்தி வைத்திருந்தது என் பெருமை. கத்தினால் மருந்து என்ற இடத்தில் கத்தவிடாமல் செய்துவிட்டேன். கிடைத்திருக்க வேண்டிய மருந்தைத் தடுத்தவள் தாய்.

முந்தின நாள் நகர்ந்துபோன என் கை நினைவுக்கு வந்தது. சனிக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. அந்தச் சுழியை அழித்தே தீருவது என்று எழுந்தேன்.

மத்தியானம் எல்லோரும் தட்டுக் கழுவும் குழாயடிக்குப் போனேன். செல்லூர்க்காரியும், மாடவீதிப் பக்கத்திலிருந்து வந்த வாத்தியார் வீட்டம்மாவும் அங்கே இருந்தார்கள். வாத்தியார் வீட்டம்மா தினமும் பேப்பர் படிக்கிறவர். மகனுக்கு மூளையில் கட்டி.

“நேத்து நாலாவது டம்ளர்ல ஏன் போடல?” என்று நேராகக் கேட்டேன்.

“நீ போட்டியாக்கும்?” என்றாள் செல்லூர்க்காரி.

“போடல. அதான் கேக்குறேன்.”

அவள் தட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “எப்படிப் போடச் சொல்ற? கோயில் உண்டியல்ல போடுறது எதுக்கு? எனக்கு இதைக் குடு தாயேண்டு கேக்குறதுக்கு. சோத்துல போட்டா சோறு வரும். வலியில போட்டா? என் பிள்ளைக்கு வலியைக் குடுண்டு நானே என் கையால போடவா? பல்லி கிடந்து சொல்லிச்சுண்டா பலிச்சுப் போயிரும்.”

எனக்கும் அதேதான். பதினான்கு பேருக்கும் அதேதான் என்று அந்த நிமிஷம் தெரிந்தது. வாத்தியார் வீட்டம்மாவைப் பார்த்தேன்.

“நீங்க படிச்சவுக. நீங்களாச்சும் போட்டிருக்கலாம்ல?”

அவர் குழாயை மூடினார். “கொட்டையக் கையில வச்சுக்கிட்டு இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கை கேட்கல. படிச்சா மட்டும் பெத்த வயிறு வேறயா?”

“இப்பப் பாருங்க, வலி ஒரு பொருட்டே இல்லேண்டு எழுதிருச்சு. இனி வருஷம் பூரா கத்துனாத்தான் மருந்து” என்றேன். முந்தானையை அவிழ்த்து ரிப்பனைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். என் பெருமையையும் சேர்த்துத்தான். சொல்லும்போது முகம் சுட்டது, நிறுத்தவில்லை.

செல்லூர்க்காரி ரிப்பனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நூல் விஷயம் அவளுக்குத் தெரியும். “இது ஒரு நாள் கடியில்ல” என்றாள். அதை என் கையில் திருப்பித் திணித்துவிட்டு எரிச்சலோடு சொன்னாள்: “அந்த டாக்டரம்மா ‘எது வேணும்’ண்டு கேட்டதுதான் தப்பு. ‘எது வேண்டாம், தூக்கி எறி’ண்டு கேட்டிருந்தா முதல் ஆளா நான் எறிஞ்சிருப்பேன்.”

“அப்ப எறிவோம்” என்றேன்.

“என்னத்த எறியுறது?”

“நாளைக்கு வெள்ளிக்கிழமை. பிள்ளைக்குச் சுத்திப் போடுற நாளு. உப்பும் மொளகாயும் தலையைச் சுத்தி எறியுறோம்ல? அதே மாதிரி கொட்டையச் சுத்தி எறிவோம். எந்தப் பீடை பிள்ளைய விட்டுப் போகணுமோ அந்த டம்ளர்ல.”

செல்லூர்க்காரி வாயைப் பிளந்தாள், டாக்டரம்மா வரைந்த ஓணான் மாதிரியே. “அடி ஆத்தி! கொட்டை எதுக்கு? உப்பே போடுவோம்.”

“உப்புக் கரைஞ்சு போச்சுண்டா டாக்டரம்மா எதை எண்ணும், உன் பல்லையா?”

வாத்தியார் வீட்டம்மா சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்ததும் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டது. ஆனாலும் தயங்கியது.

“எண்ணி எழுதினதை மாத்தக் கூடாதுக்கா. நீங்க சொல்லிக்குடுத்து அவங்க போட்டா அதுக்கு மதிப்பு இல்ல.”

“எங்க போடணும்னு நான் சொல்லிக்குடுக்க மாட்டேன். எப்படிப் போடணும்னு வழி மட்டும் விடுங்க. பழைய கணக்கையும் அழிக்காதீக. ரெண்டையும் எழுதுங்க.”

அது நகத்தைக் கடித்தபடி யோசித்தது. பிறகு தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டது. மேசையைச் சுற்றி மறைப்பு வைக்கப்படும். யார் எதில் போடுகிறார்கள் என்று அடுத்தவர் பார்க்கக் கூடாது. ஐந்து டம்ளரும் இருக்கும். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை அந்தக் கூடம் இருந்த இருப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு தாயும் கட்டில் ஓரத்தில் நின்று, ஐந்து புளியங்கொட்டையை மூடின கையில் வைத்து, பிள்ளையின் தலையை மூன்று முறை வலமும் மூன்று முறை இடமும் சுற்றினாள். துப்பச் சொல்லிப் பிள்ளையிடம் கையை நீட்டினாள். சில பிள்ளைகளுக்குத் துப்பக்கூடத் தெம்பில்லை; உதட்டைக் குவித்து ஊதின. பிறகு ஒவ்வொருத்தியாக மறைப்புக்குப் பின்னால் போனோம். உள்ளே கொட்டை விழுகிற சத்தம் மட்டும் வெளியே கேட்டது. புதன்கிழமை மாதிரி மெதுவாக வைக்கிற சத்தம் இல்லை. எறிகிற சத்தம்.

நான் ஐந்தையும் நாலாவதில் எறிந்தேன்.

எண்ண வேண்டிய நேரம் வந்தது. டாக்டரம்மா கையை நீட்டியதும் செல்லூர்க்காரி குறுக்கே பாய்ந்தாள். “தொடாதீக! கழிச்சுப் போட்டது! தொட்டா உங்களைப் புடிக்கும்.”

“என்னை ஏற்கனவே பிடிச்சிருச்சுக்கா” என்று சொல்லிவிட்டு அது நாலாவது டம்ளரைக் கவிழ்த்தது. மேசையில் சிதறிக் கொட்டைகள் தரையில் ஓடின. மற்ற நாலு டம்ளரையும் சேர்த்தாலும் அதில் பாதி வரவில்லை. எண்ணி முடித்து, நோட்டில் அந்தச் சுழிக்குப் பக்கத்தில் புது எண்ணை எழுதியது.

சனிக்கிழமை பெரிய டாக்டரே கூடத்துக்கு வந்துவிட்டார். நரைத்த மீசை, குறைந்த பேச்சு. கையில் அந்த நோட்டு. நர்ஸம்மா கூடவே வந்தார். பெரிய டாக்டர் நடுக்கூடத்தில் நின்று கேட்டார்.

“புதன்கிழமை ஒண்ணுகூட இல்ல. வெள்ளிக்கிழமை மலையாக் குவிஞ்சிருக்கு. ரெண்டு நாள்ல வலி கூடிப்போச்சா? யார் சொல்லிக்குடுத்தது?”

டாக்டரம்மா பேச வாயெடுத்தது. நான் முன்னால் போய்விட்டேன்.

“நான்தான்யா சொன்னேன். எதுல போடணும்னு சொல்லல. சுத்திப் போடச் சொன்னேன்.”

“அப்போ எந்தக் கணக்கை நம்புறது?”

“ஐயா, எங்க தோட்டத்துல பொழுதடைஞ்சா பாம்பைப் பாம்புண்டு சொல்ல மாட்டோம். பூச்சிம்போம். பேரைச் சொன்னா வந்துரும்னு பயம். யாரும் பாம்புண்டு வாய் திறக்கலேங்குறதால வரப்புல பாம்பே இல்லேண்டு வெறுங்கால்ல நடப்பீகளா?”

அவர் நோட்டை மூடினார். “இந்த மருந்து விளையாட்டு இல்லம்மா. அளவு தப்பினா பிள்ளைக்கு மூச்சு அடங்கிப்போகும். பழகிப்போகும்னும் சொல்றாங்க. கத்துற பிள்ளைக்கே யோசிச்சுத்தான் குடுக்கிறோம்.” பிறகு நர்ஸம்மாவைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: “உன் மகள் அழுகிறதே இல்லையாமே. நீ எதுக்கு இதுக்கு முன்னால நிக்கிற?”

முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த ரிப்பனை அவர் உள்ளங்கையில் வைத்தேன். என்ன என்று நான் சொல்லவில்லை. அவர் விரலால் நிமிர்த்திப் பார்த்தார். பல் தடத்தைக் கண்டுகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. நர்ஸம்மாவும் எட்டிப் பார்த்தார். அந்தம்மாதான் தினமும் ‘தங்கம்’ என்று சொன்னது. “நான் கவனிக்கலையே” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. பெற்றவளே கவனிக்கவில்லை.

“அளவு தப்புமா, பழகிப்போகுமா, அதைத்தானேய்யா ஆராயப் போறோம்னு டாக்டரம்மா சொல்லுது. ஆராயாமலே வேண்டாம்னா எப்படித் தெரியும்?” என்றேன்.

பெரிய டாக்டர் ரிப்பனைத் திருப்பிக் கொடுத்தார். “ஒரு வருஷம்” என்றார் டாக்டரம்மாவிடம். “கட்டு மாத்துறதுக்கு முன்னாலேயே மருந்து. அழுதாலும் சரி, அழாட்டாலும் சரி. மூச்சு, நாடி எல்லாம் எழுதணும். ஒரு பிள்ளைக்குத் தப்பினாலும் அன்னைக்கே நிறுத்துவேன்.”

அவர் போன பிறகு கூடத்தில் யாரும் கை தட்டவில்லை. செல்லூர்க்காரி மட்டும், “பாம்பாம், வரப்பாம். தோட்டக்காரிண்டா சும்மாவா” என்று என் முதுகில் ஓர் அடி வைத்தாள். பலமான அடி.

ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு சிக்கல் வந்தது. மருந்துக்கு முன்னால் எவ்வளவு வலி, பின்னால் எவ்வளவு என்று எழுத வேண்டுமே. ஒன்றிலிருந்து பத்துவரை சொல் என்றால் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ஒரு பிள்ளை நூறு என்றது, இன்னொன்று தெரியாது என்றது. என் மகளிடம் டாக்டரம்மா வந்து உட்கார்ந்தது. அன்றைக்குக் கட்டு மாற்றி வந்து அப்போதுதான் படுத்திருந்தாள்.

“எம்புட்டு வலிச்சுச்சு?”

கொட்டைகள் டம்ளரிலேயே கிடந்த மேசையை மகள் காட்டினாள். “அந்தக் கொட்டையக் குடுங்க. வச்சுக் காட்டுறேன்.”

“அது கழிச்சுப் போட்டது, தொடக் கூடாது” என்று என் வாயில் வந்துவிட்டது. டாக்டரம்மா என்னைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து நான் மீறாத ஒன்று அது. எழுந்து போனேன். பத்துக் கொட்டைகளைப் பொறுக்கி மஞ்சள் தண்ணீரில் மூன்று தரம் கழுவினேன். எதற்கும் இருக்கட்டும் என்று நாலாம் தரமும் கழுவி, துடைத்துக் கொண்டுவந்து விரிப்பில் வைத்தேன்.

மகள் கொட்டையைத் தொடாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னப் பாக்காதத்தா. எம்புட்டோ அம்புட்டையும் வையி. நீ அழுதாலும் சரிதான், அழாட்டியும் சரிதான். பொய் மட்டும் வைக்காத” என்றேன். சொல்லிவிட்டு, அவளுக்கு என் முகம் தெரியாதபடி திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

ஒவ்வொன்றாகத் தள்ளுகிற சத்தம் கேட்டது. நீண்ட நேரம் கேட்டது. பிறகு என் மகள் டாக்டரம்மாவிடம் கேட்டாள்:

“இன்னும் கொட்டை இருக்கா?”

திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்கு மருந்து கொடுத்தார்கள். கசக்கிறது என்று முகத்தைச் சுளித்தாள். முதல் பிள்ளை அவள்தான். மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம், வேறு பிள்ளையை முதலில் வைக்கட்டுமா என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கேட்டிருந்தது. ஊரைக் கூட்டிவிட்டு என் பிள்ளையைப் பின்னால் நிறுத்துவேனா? மகளிடமும் கேட்டேன். சரி என்றாள். அன்றைக்கு என்னைப் பச்சைத் திரைக்குள் விட்டார்கள். நர்ஸம்மாதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கட்டுப் பிரித்தார்கள். பின்னலில் ரிப்பன் இல்லை. கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டு வரும்போது “அம்மா” என்று கத்தினாள். மூன்று மாதத்தில் முதல் தடவை. டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தது. மூச்சு அதன் பாட்டுக்கு ஓடியது.

வெளியே வந்ததும் கொட்டைகளை வைத்தாள். நான்கு. யோசித்து, ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். மூன்று.

அதன் பிறகு ஏழு வாரம் இருந்தாள். சில நாள் ஐந்து, சில நாள் இரண்டு. அழுகிற நாளில் அழுதாள். வெளியில் நின்று நான் யாரிடமும் எதுவும் பீற்றிக்கொள்ளவில்லை. கடைசி வாரம் கொட்டையைத் தள்ளக் கை வரவில்லை. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவேன், போதும் என்று கண்ணை மூடுவாள். உயிர் போன அன்று காலையில் முதல் கொட்டையிலேயே கண்ணை மூடினாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் காலை தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கூடத்தில் என்னைக் கண்டதும் டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டது.

“நீங்க எதுக்குக்கா இப்ப…”

“வருஷம் முடிஞ்சிருச்சா?” என்று கேட்டேன்.

“இல்ல.”

“அப்ப என்ன?”

என் மகள் கிடந்த கட்டிலில் புதிதாக ஒரு சிறுமி வந்திருந்தாள். ஏழு வயதிருக்கும். இடுப்பில் கட்டு. உதட்டை அழுத்திக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் அவள் தாய், கப்பலூர்ப் பக்கத்துக்காரி, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“உங்க பிள்ளைதான் முன்னால இந்தக் கட்டில்ல இருந்துச்சாக்கா?” என்றாள். பிறகு மகளின் தலையைத் தடவி, எனக்குக் கேட்கும்படி சொன்னாள்: “என் மகளுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி. அழவே அழாது.”

நான் கட்டில் பக்கம் போனேன். முந்தானையை அவிழ்த்து, என் மகள் வைத்துக் காட்டிய அந்தப் பத்துக் கொட்டைகளையும் விரிப்பில் வைத்தேன். அந்தத் தாயின் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்தேன். பிறகு சிறுமியிடம் குனிந்து கேட்டேன்.

“எம்புட்டுத்தா?”